கரன்ட் போனால்தான் பாட்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

சிகாகோ ராப் பாடகர் சான்ஸ் தி ராப்பரின் ஆரம்ப நாட்களைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை என் மகன்தான் படித்துக் காட்டினான். பள்ளியில் 10 நாள் சஸ்பெண்ட் செய்ததையே சாக்காக வைத்து 'டென் டே' என்ற பாடல் தொகுப்பில் இறங்கியது, 2012இல் அதை இணையத்தில் இலவசமாக விட்டது, எந்த இசைக் கம்பெனிக்கும் கையெழுத்துப் போடாமலே 2017இல் மூன்று கிராமி இசை விருது வாங்கியது, எல்லாம் வந்திருந்தது. நூலகம் மட்டும் விட்டுப்போயிற்று.

சிகாகோவின் ஹரால்ட் வாஷிங்டன் நூலகத்தில் பதின்வயதுப் பிள்ளைகளுக்கென்றே யூமீடியா என்று ஒரு பகுதி இருக்கிறது. மைக், கம்ப்யூட்டர், ஒலிப்பதிவு அறை எல்லாம் காசில்லாமல். யாரும் ஏறிப் பாட ஒரு மேடையும் உண்டு. சான்ஸ் பாடிப் பழகிய இடங்களில் அதுவும் ஒன்று.

எங்கள் வீட்டுக் கதை வேறு. சேலம் அம்மாப்பேட்டையில் வீட்டோடு சேர்த்து நான்கு விசைத்தறி ஓட்டுகிறேன். தறி ஓடினால் பக்கத்தில் நிற்பவர் பேச்சே காதில் விழாது. நான் நிறுத்தினாலும் பக்கத்து வீட்டுத் தறி நிற்காது. அதனால் கரன்ட் போனால்தான் பாட்டுப் பாடும் என் மகனுக்கு ரெக்கார்டிங். தெருவே அடங்கியதும் அம்மாவின் பீரோவைத் திறந்து, தொங்கும் சேலைகளுக்கு நடுவே மைக்கோடு தலையை விட்டுக்கொள்வான். துணி எதிரொலியைக் குடித்துவிடுமாம். ஃபேன் கிடையாது, லேப்டாப் பேட்டரி இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. வெளியே வரும்போது சட்டையைப் பிழியலாம். அவன் பாட்டுக்குத் தாளமே நம் தறிச் சத்தம்தான் என்கிறான். எனக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை.

1935இல் டி.ஆர்.சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமாக் கம்பெனியைத் தொடங்கிய ஊர் இது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் இங்கிருந்து போயின. இன்று ஏற்காடு சாலையில் மிச்சமிருப்பது நுழைவு வளைவு.

நம் மாவட்ட மைய நூலகத்தில் சத்தம் வெளியே போகாதபடி அடைத்த ஒரு சின்ன அறை, ஒரு மைக், மாதம் ஒரு ஞாயிறு மாலை மேடை. இவ்வளவுதான் கேட்கிறேன். நூலகத்தில் பாட்டா என்பவர்களுக்கு: கதவைச் சாத்திக்கொள்ளலாம்.

அப்புறம் ஒரு சின்ன வேண்டுகோள். உங்கள் நாளிதழில் வரும் 'நாளைய மின்தடை' செய்தியை எங்கள் வீட்டில் முதலில் தேடுவது இவன்தான். போன மாதம் அம்மாப்பேட்டை பெயர் விடுபட்டு, ஒரு பாட்டு பாதியில் நிற்கிறது. கொஞ்சம் கவனிக்கவும்.

இப்படிக்கு,
ஒரு விசைத்தறிக்காரர்,
அம்மாப்பேட்டை, சேலம்.