காம்போடு பறித்த பூ

அன்புள்ள தோழிக்கு,

ஜோகன்னஸ்பர்க் பக்கம் உங்கள் லெனேசியாவில் இன்னும் காலையில் புல்லின் மேல் பனி உறைந்து கிடக்கிறது என்று எழுதியிருந்தாய். இங்கே பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் குளிர் மூட்டை கட்டிவிட்டது. ஆகஸ்டு மாதக் காற்று வழக்கம்போலத் துணிக்கொடி, கூரைத் தகரம் எல்லாவற்றையும் ஒரு கை பார்த்துவிட்டு ஓய்ந்தது, அப்புறம் ஒரு நல்ல மழை, தோட்டம் எழுந்து உட்கார்ந்துவிட்டது. அவருக்கு முட்டி வலி அப்படியே இருக்கிறது. பெரியவள் டர்பனில் வேலை மாறியிருக்கிறாள். பேரன் பேசுவது எல்லாம் ஆங்கிலம், நடுவில் ஆயா என்று கூப்பிடுவது மட்டும் தமிழ், அதுவே போதும் என்று இருக்கிறேன். புரட்டாசி பிறந்துவிட்டதால் வீட்டில் கவுச்சி இல்லை, மகன் முட்டைக்காவது விதிவிலக்கு உண்டா என்று தினமும் கேட்டு முனகுகிறான். வீட்டுச் செய்தி இவ்வளவுதான்.

நீ கேட்ட பூ விஷயத்துக்கு வருகிறேன். தோட்டத்துப் பூவைப் பறித்துக் கண்ணாடி ஜாடியில் வைத்தால் ஒரே நாளில் தலை தொங்குகிறது, பார்க்கவும் கடைப் பூங்கொத்து மாதிரி இல்லை என்கிறாய். கடை மாதிரி வேண்டும் என்ற ஆசையை முதலில் விட்டுவிடு. கடைக்காரன் ஒரே அளவில், ஒரே நாளில் மலர்கிற பூவாக வாங்கி வாளி வாளியாக வைத்திருப்பான். உனக்கும் எனக்கும் ஒரு செடியில் இரண்டு பூ, இன்னொன்றில் ஒரு மொட்டு, அவ்வளவுதானே கிடைக்கும்? அதற்குச் சின்ன ஜாடிதான் சரி, வாய் குறுகலாக இருக்க வேண்டும். நான் பழைய இருமல் மருந்து பாட்டிலைக் கழுவி வைத்திருக்கிறேன், பழுப்புக் கண்ணாடி, உள்ளே தண்ணீர் கலங்கினாலும் வெளியே தெரியாது. அகல வாய் ஜாடியில் மூன்று பூவைப் போட்டால் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து சண்டைக்காரர்கள் மாதிரி முகம் திருப்பிக்கொண்டு நிற்கும்.

ஆனால் உண்மையான சங்கடம் ஜாடியில் இல்லை, நம் கையில் இருக்கிறது. நமக்குப் பூவைக் கிள்ளித்தான் பழக்கம். எங்கள் ஆயா விடியற்காலையில் பித்தளைத் தட்டோடு போய்ச் சாமந்தியைக் கழுத்தோடு கிள்ளிக்கொண்டு வருவாள், விளக்குக்கு முன்னால் வைக்கவும் மாலை கட்டவும் காம்பு எதற்கு? மல்லிகையும் அப்படித்தான், நாரில் தொடுக்க ஒரு நகக்கண் அளவு காம்பு போதும். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் இன்னும் தானாகக் கழுத்துக்குத்தான் போகின்றன. ஜாடிக்கு வைக்கிற பூவுக்கு அப்படி இல்லையடி, அங்கே காம்புதான் எல்லாம். பூ எந்தப் பக்கம் பார்க்கிறது, எங்கே வளைகிறது என்பதெல்லாம் காம்பில்தான் இருக்கிறது. அதனால் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போய்ச் செடியின் அடி வரை இறங்கி வெட்டு. செடிக்கு வலிக்குமே என்று பார்க்காதே. ஸ்வீட் பீ என்கிற பூங்கொடியில் பூவைப் பறிக்கப் பறிக்கத்தான் மேலும் பூக்கும், விட்டுவைத்தால் காய் பிடித்துப் பூப்பதை நிறுத்திவிடும். (பட்டாணி மாதிரி இருக்கிறதே என்று அந்தக் காயை யாரும் சமைத்துவிடப் போகிறார்கள், அது விஷம்.)

வெயில் ஏறுவதற்கு முன் வெட்டு, கையோடு ஒரு வாளித் தண்ணீர் கொண்டுபோய் வெட்டிய உடனே அதில் போடு. வீட்டுக்குள் வந்ததும் நேராக ஜாடிக்குப் போகாமல் ஓரிரண்டு மணி நேரம் நிழலில் அந்த வாளியிலேயே கழுத்து வரை நிற்கட்டும். பிறகு நுனியைச் சாய்வாக இன்னொரு முறை வெட்டி, தண்ணீருக்குள் முங்குகிற இலையை எல்லாம் உருவிவிடு. உன் பூ ஒரே நாளில் தொங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த இலைதான். அது அழுகினால் தண்ணீரில் கிருமி பெருகிக் காம்பின் துளையை அடைத்துவிடும், தண்ணீர் இருந்தும் பூ குடிக்க முடியாமல் வாடும். தண்ணீரைத் தினம் மாற்று. இன்னொன்று, பூஜை மேடையில் வாழைப்பழச் சீப்புக்குப் பக்கத்தில் ஜாடியை வைக்காதே. பழம் பழுக்கும்போது எத்திலீன் என்று ஒரு வாயு வருமாம், ஸ்வீட் பீக்கு அது ஆகவே ஆகாது, பொலபொலவென்று உதிர்ந்துவிடும். புரட்டாசி மாதத்தில் நம் வீடுகளில் பழம் இல்லாத மேசை ஏது, அதனால்தான் சொல்கிறேன்.

இன்று என் பாட்டிலில் இருப்பது ஃப்ரீசியா மூன்று காம்பு, கூட ஒரு கறிவேப்பிலைக் கொத்து. சிரிக்காதே, குழம்புக்குப் போடுவதைக் கொண்டு அலங்காரமா என்று நீ கேட்பாய் என்று தெரியும். இளந்தளிர் உடனே துவண்டுவிடும், முற்றிய கொத்தாகப் பார்த்து எடு, நல்ல பச்சையாக நிற்கும். ஃப்ரீசியாவைக் கிட்டே வைத்துப் பார்த்திருக்கிறாயா? காம்பு நேராக வந்து பூ தொடங்கும் இடத்தில் சட்டென்று படுத்துக்கொள்ளும், அதன் மேல் பூக்கள் எல்லாம் வானத்தைப் பார்த்து வரிசையாக நிற்கும். அடியில் இருப்பது முதலில் விரியும், அது வாடியதும் கிள்ளிவிட்டால் அடுத்தடுத்த மொட்டுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். இங்கே மட்டும் கிள்ளலாம், ஆயாவின் விரலுக்கு வேலை உண்டு. நம் தென்னாப்பிரிக்காவின் கேப் பக்கத்துச் செடிதான் அது, ஐரோப்பாவுக்குப் போய்ப் பல நிறமாக மாறி, இப்போது படம் போட்ட பாக்கெட்டில் கிழங்காக நம்மிடமே விலைக்குத் திரும்பி வருகிறது. நிறம் எத்தனை வந்தாலும் மணத்துக்கு அந்த வெளிர் மஞ்சள்தான்.

நமாக்வாலாந்து டெய்சி என்கிற பூவை ஜாடிக்கு எடுக்காதே. சூரியனைப் பார்த்தால்தான் விரியும், வீட்டுக்குள் வந்தால் முகத்தை மூடிக்கொள்ளும்.

மரத்தடி நிழலில் கிளைவியா இந்த வருஷம் ஆரஞ்சு நிறத்தில் தகதகவென்று பூத்திருக்கிறது. அது நம் குவாசுலு-நட்டால் மாகாணத்துக் காட்டுச் செடிதான், ஆனால் பெயரைக் கேள், 1751-இல் ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்தானே ராபர்ட் கிளைவ், அவனுடைய பேத்தி ஒரு சீமாட்டி, அவளைச் சிறப்பிக்க 1828-இல் லண்டனில் வைத்த பெயர். நம் முன்னோர் பிறந்த சீமையைச் சூறையாடியவன் பெயர் என் கொல்லைப்புறத்தில்! செடி என்ன செய்யும், அது பாட்டுக்குப் பூக்கிறது. தலை கனம் என்பதால் மருந்து பாட்டில் தாங்காது, பித்தளைச் சொம்பில் ஒரே ஒரு தண்டை வை, போதும். சாறு விஷம், பேரப்பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்.

செம்பருத்தி மட்டும் என் கைக்குக் கிடைப்பதில்லை. விடிந்ததும் குரங்குக் கூட்டம் கூரை வழியாக இறங்கி மொட்டோடு தின்றுவிட்டு, போகிற போக்கில் பப்பாளியையும் ஒரு கடி கடித்துப் போட்டுவிடுகிறது. இவர் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி விரட்டுகிறார், அவை மதில்மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கின்றன.

பூ முடிந்ததும் கிளைவியாவில் ஒரு கன்று பிரித்து உனக்கு வைக்கிறேன். உங்கள் ஊர்ப் பனியில் தரையில் நட்டால் கருகிவிடும், தொட்டியில் வைத்து வராந்தா ஓரமாகவே இருக்கட்டும். டிசம்பரில் நாங்கள் அங்கே வருவதாக இருக்கிறோம், காரில் இடம் இருந்தால் கறிவேப்பிலைக் கன்றும் ஒன்று கொண்டு வருகிறேன். உன் மருமகளுக்குக் குழந்தை எப்போது என்று எழுது, தேதி தெரிந்தால் அதற்கேற்ப நாங்கள் புறப்படுவோம்.

அன்புடன்,
உன் தோழி