வடகடலுக்குத் தகுந்த ரேடார் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கரையில் நிற்கும் ரேடார் கடல் நீரோட்டத்தை அளப்பது பற்றிய கட்டுரையைச் சித்தப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "கரையில இருந்துக்கிட்டு நீவாடு எப்படிப்பா தெரியும்?" என்றார். நீரோட்டத்தை நாங்கள் நீவாடு என்போம். அவருக்கு அது தெரிய வேண்டுமானால், நங்கூரம் போட்டுக் கயிறு எந்தப் பக்கம் விறைக்கிறது என்று பார்க்க வேண்டும்.

எனக்குப் புரிந்ததைச் சொன்னேன். ரேடியோ அலை உப்புத்தண்ணீரை ஒட்டியபடியே அடிவானம் தாண்டியும் போகிறது. தன் நீளத்தில் பாதி உள்ள கடலலையில் பட்டால் பலமாகத் திரும்பி வருகிறது. அந்தக் கடலலை இயல்பாக என்ன வேகத்தில் ஓடும் என்பது தெரிந்த கணக்கு. அதற்கு மேல் கூடுவதும் குறைவதும் நீரோட்டம். ஒரு நிலையம் தன்னை நோக்கி வருவதையும் விலகுவதையும் மட்டுமே காட்டும், குறுக்கே ஓடுவது தெரிய இன்னொரு நிலையம் வேண்டும். சித்தப்பா அரை மனதாகத் தலையாட்டினார்.

சரி, என் விஷயத்துக்கு வருகிறேன். கடலூர், கல்பாக்கத்தில் இருக்கும் ரேடாரைப் போலவே ராமநாதபுரத்திலும் வைக்கச் சொல்லிப் பலர் கேட்கிறார்கள். அப்படியே வைத்தால் வீண். அங்கே உள்ளவை 4.4 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்கி 200 கி.மீ. வரை பார்ப்பவை. எங்கள் வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில், அவ்வளவு தூரம் பார்க்கப் போனால் பாதியிலேயே இலங்கைக் கரை வந்துவிடும்! அதைவிட முக்கியம், அவற்றுக்குச் சுமார் 34 மீட்டர் நீளமுள்ள கடலலை வேண்டும். இங்கே பெரும்பாலும் 13 மீட்டருக்குக் குறைவான ஆழம். அவ்வளவு நீள அலைக்குத் தரை தட்டி வேகம் குறையும். ஆழத்தைச் சேர்க்காமல் கணக்குப் போட்டால் அந்தக் குறையும் நீரோட்டமாகவே பதிவாகும். காற்று ஓய்ந்த நாளில் அப்படியோர் அலையே எழாது. 13 மெகாஹெர்ட்ஸ் என்றால் ரேடியோ அலையின் நீளம் குறைந்துவிடும், சுமார் 11.5 மீட்டர் கடலலை போதும்.

தொண்டியில் ஒன்று, ராமேஸ்வரத்தில் ஒன்று வைக்கலாம். ஆனால் இரண்டையும் சேர்க்கும் நேர்கோட்டில் இரண்டுமே அந்தக் கோட்டின் வாக்கில் ஓடுவதைத்தான் பார்க்கும், குறுக்கே ஓடுவது தெரியாது. தேவிபட்டினத்தில் மூன்றாவது இருந்தால் அந்தக் குறை தீரும்.

ஓர் ஆடி மாதம், மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்றில் எங்கள் நாட்டுப்படகின் இஞ்சின் நின்றுபோனது. உள்ளே இரண்டு பேர், போனில் சிக்னல் இல்லை. காற்றை வைத்துக் கிழக்கே தேடினோம். மறுநாள் மதியம் படகு கிடைத்ததோ வடக்கே, எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில். தண்ணீர் குடம் காலி. நீரோட்ட வரைபடம் ஒன்று கையில் இருந்திருந்தால் அந்த டீசல் செலவும் மிச்சம், வீட்டுப் பெண்களின் அழுகையும் மிச்சம்.

அப்புறம் ஒன்று. அளந்த விவரம் படகு தள்ளும் முன்பே தமிழில் கைப்பேசிக்கு வர வேண்டும். காற்றுக்கு அது வரும் திசையையும் நீரோட்டத்துக்கு அது போகும் திசையையும் எழுதுவது அறிவியல்காரர்களின் வழக்கம். எங்களுக்கு அனுப்பும்போது 'தெற்கு' என்று மொட்டையாகப் போடாமல், 'தெற்கே போகிறது' என்று முழுசாக எழுதச் சொல்லுங்கள்.

— நாட்டுப்படகு வீட்டு வாசகர், தொண்டி