பூட்டி வைப்பது சிகிச்சை அன்று

ஆசிரியருக்கு,

மதுக்கடைகளைக் குறைப்பது பற்றிய தங்கள் தலையங்கம், குடியை நிறுத்தக் குடிநோயாளிக்கு மனஉறுதி இருந்தால் போதும் என்கிறது. ஆண்டுக்கணக்கில் தினமும் குடித்தவரின் மூளை, மதுவின் மந்தத்தை ஈடுகட்ட எப்போதும் கிளர்ச்சியிலேயே இருந்து பழகியிருக்கும். திடீரென நிறுத்தினால் 6 முதல் 8 மணி நேரத்தில் கை நடுங்கும். 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாட்களில் சிலருக்குச் சித்தம் கலங்கி, இல்லாத பூச்சிகள் உடலில் ஊர்வதுபோல் தோன்றும். உயிரும் போகலாம். இதை நடிப்பென்றோ பேயென்றோ எண்ணி அறையில் பூட்டிவைத்துவிட்டு, வலிப்பு வந்த பிறகே பலரை மருத்துவமனைக்குத் தூக்கிவருகிறார்கள். (அங்கும் தயமின் என்ற வைட்டமின் பி1 போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படக்கூடும்.)

கடை மூடப்படும் பகுதிகளின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் தயமின் ஊசி, நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் டயஸெபாம் மருந்து இரண்டையும் முன்கூட்டியே இருப்பு வைக்க வேண்டும். மூடிய கடையின் கதவில் 14446 என்ற இலவசப் போதை மீட்பு உதவி எண்ணை ஒட்டலாம்.

– ஒரு வாசகர், மதுரை