எண்ணிக்கையோடு அந்த ஆய்வையும் அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள் என்ற பட்டியல் ஆண்டுதோறும் வெளிவரும்போது, நம் பகுதிக் கல்லூரிகளில் யார் யார் அதில் இடம்பெற்றார்கள் என்று தங்கள் நாளிதழ் படத்துடன் செய்தி போடுகிறது. ஆய்வு செய்கிறவர்களுக்குச் செய்தித்தாளில் இடம் கிடைப்பதே அபூர்வம் என்பதால் அதை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அச்செய்திகளில் கட்டுரைகள் இத்தனை, மேற்கோள்கள் (பிறர் தம் கட்டுரைகளில் அவற்றைச் சுட்டிய தடவைகள்) இத்தனை, இவ்விரண்டையும் வைத்துக் கணக்கிடும் எச்-இண்டெக்ஸ் இவ்வளவு என்று மூன்று எண்கள் இருக்கின்றனவே தவிர, அவர் எதைக் கண்டறிந்தார் என்பதற்கு ஒரு வரிகூட இருப்பதில்லை. சர்க்கரைகளையும் மாவுச்சத்தையும் பற்றிய வேதியியலை முப்பது ஆண்டுகளுக்கு மேல் கற்பித்தவன் என்ற முறையில், இந்த எண்கள் எப்படி உருவாகின்றன என்பதை என் துறையை வைத்தே சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஃப்ரெட் ஸ்மித்தின் குழுவினர் ஐவர், 1956-இல் 'அனலிட்டிக்கல் கெமிஸ்ட்ரி' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முதல் பெயர் டுபுவா என்பதால் இன்றும் அது 'டுபுவா முறை' என்றே வழங்குகிறது. சர்க்கரைக் கரைசலில் சிறிது ஃபீனால் சேர்த்து, அடர் கந்தக அமிலத்தை மளமளவென்று மேலிருந்து ஊற்றினால், சோதனைக்குழாய் கையில் பிடிக்க முடியாத அளவுக்குச் சூடேறி, கரைசல் ஆரஞ்சு கலந்த மஞ்சளாக மாறும். ஆறியபின் 490 நானோமீட்டர் அலைநீள ஒளியில் நிறத்தின் அடர்வை அளந்தால் சர்க்கரையின் அளவு தெரிந்துவிடும். முதுகலை மாணவர் ஒருவர் அரை மணி நேரத்தில் செய்து முடிக்கக்கூடிய இந்தச் சோதனை பாசி, மண், கழிவுநீர், மரவள்ளி மாவு என்று எல்லாவற்றுக்கும் பொருந்துவதால், சர்க்கரை வேதியியலுக்கே சம்பந்தமில்லாதவர்களும் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டுகிறார்கள். இன்று அதன் மேற்கோள்கள் பல்லாயிரத்தைத் தாண்டிவிட்டன. அவ்வளவும் தகுதியான பெருமைதான். ஆனால் அது ஒரு நல்ல தராசுக்குக் கிடைக்கும் பெருமை.

அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1953-இல், கனடாவின் சாஸ்கட்டூன் நகரில் ரேமண்ட் லெமியூ, ஜார்ஜ் ஹ்யூபர் என்ற இருவர் நாம் காப்பியில் போடும் சர்க்கரையை, அதாவது சுக்ரோஸை, ஆய்வகத்தில் வேதிமுறையில் முதன்முதலாகச் செயற்கையாகத் தொகுத்து உருவாக்கினார்கள். கரும்பு அன்றாடம் செய்யும் வேலைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்கலாம். குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் தத்தம் வினைபுரியும் கார்பன்களால் கைகோத்துக்கொள்ள நான்கு வழிகள் உண்டு; அவற்றில் ஒன்று மட்டுமே சுக்ரோஸ். அந்த ஒன்றை நோக்கி வினையைத் திருப்பத் தெரியாமல் பல ஆய்வகங்கள் முயன்று தோற்றிருந்தன. இத்தொகுப்பை யாரும் தொழிற்சாலையில் செய்யப்போவதில்லை, சோதனைக்கூடத்தில் தினசரி பயன்படுத்தப்போவதும் இல்லை. ஆகவே மேற்கோள் கணக்கில் அது டுபுவா முறைக்குப் பக்கத்தில்கூட வர முடியாது.

லெமியூவின் பணி அத்துடன் முடியவில்லை. சர்க்கரை வளையத்தின் முதல் கார்பனில் அமரும் ஆக்சிஜன் போன்ற அணுக்கள், நெருக்கடி குறைந்த இடத்தை விட்டுவிட்டு நெருக்கடி மிகுந்த இடத்தையே பல சமயம் நாடுகின்றன என்ற வியப்பான போக்கை ஐம்பதுகளில் அவர் தெளிவுபடுத்தினார். 'அனோமெரிக் விளைவு' என்று இன்று அதைப் பாடநூல்கள் குறிப்பிடுகின்றன. பாடநூலுக்குள் போய்விட்டதால் மூலக்கட்டுரையை மேற்கோள் காட்ட வேண்டும் என்று பலருக்குத் தோன்றுவதே இல்லை. குளுக்கோஸின் அமைப்பை 1891-இல் நிறுவிய எமில் ஃபிஷரின் பெயரால் வழங்கும், மூலக்கூறைப் படமாக வரையும் முறையை நம் மாணவர்கள் தேர்வுத்தாளில் நாள்தோறும் வரைகிறார்கள், அதற்காக அவருக்கு ஒரு மேற்கோளும் கூடுவதில்லை. பின்னாளில் ஆல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தில் லெமியூ, இரத்த வகைகளை நிர்ணயிக்கும் சர்க்கரைச் சங்கிலிகளைத் தொகுத்து, அவற்றைச் சந்தைக்குக் கொண்டுவர ஒரு நிறுவனத்தையும் தொடங்கினார். நிறுவனம் தொடங்கியதை எந்த எச்-இண்டெக்ஸ் கணக்கில் எழுதுவது?

அந்த எச்-இண்டெக்ஸை 2005-இல் முன்வைத்த ஹோர்ஹே ஹிர்ஷ் ஓர் இயற்பியலாளர். ஓர் ஆய்வாளருக்கு அது 20 என்றால், குறைந்தது 20 மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் 20 அவரிடம் உள்ளன என்று பொருள். டுபுவா கட்டுரையைப் போல ஒன்று மட்டும் எழுதி ஓய்ந்தவருக்கு அதன்படி மதிப்பெண் வெறும் 1. ஸ்டான்ஃபோர்டின் ஜான் அயோனிடிஸ் தயாரிக்கும் 2 சதவீதப் பட்டியலில், தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டியதைக் கழித்த கணக்கும் தரப்படுகிறது; செய்தி எழுதுகிறவர்கள் அதைப் பார்ப்பதாகத் தெரியவில்லை. நான் தேர்வாளராகப் போன ஓர் இடத்தில், முனைவர் பட்ட ஆய்வேட்டின் மேற்கோள் பட்டியலில் ஏறக்குறையப் பாதி நெறியாளரின் சொந்தக் கட்டுரைகளாக இருந்தன. கேட்டதற்கு, 'சார்தான் சேர்க்கச் சொன்னார்' என்று அந்தப் பிள்ளை கூச்சத்தோடு சொன்னது.

என் கதையும் வேறில்லை. மாவுச்சத்து மூலக்கூறின் கிளைப்பிணைப்புகளைப் பற்றி ஆறு ஆண்டுகள் உழைத்து எழுதிய கட்டுரையை அநேகமாக யாரும் தொடவில்லை. ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீரில் சர்க்கரையை அளக்க டுபுவா முறையைச் சற்றே மாற்றி இரண்டு பக்கத்தில் எழுதிய குறிப்புக்கு மட்டும் இன்றும் மேற்கோள் வருகிறது.

ஆகவே, அடுத்த பட்டியல் வரும்போது தங்கள் செய்தியாளர்கள் ஒவ்வொருவரிடமும் இரண்டு கேள்விகள் கேட்டு எழுதும்படி வேண்டுகிறேன்: உங்கள் மேற்கோள்களில் பெரும்பகுதி எந்தக் கட்டுரைக்கு வந்தது, நீங்கள் உங்கள் நல்ல வேலை என்று கருதுவது எது? இரண்டு விடைகளும் சேர்ந்து நான்கு வரிக்கு மேல் இடம் எடுக்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர்,
சேலம்.