விடுதலைச் சான்றிதழில் கையெழுத்திடும் கோட்டாட்சியர்களுக்கு

தமிழ்நாட்டின் சார் ஆட்சியர்களுக்கும் வருவாய்க் கோட்டாட்சியர்களுக்கும் வணக்கம்.

செங்கல் சூளையோ, அரிசி ஆலையோ, மரம் வெட்டும் தோப்போ, கொத்தடிமைப் புகார் எங்கிருந்து வந்தாலும் அந்தக் குடும்பத்துக்கு என்ன கிடைக்கும் என்பது நீங்கள் விசாரிக்கும் முதல் நாளிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

முன்கூட்டித் தகவல் கசிந்தால் சூளையில் ஆளும் இருக்காது, கணக்கு நோட்டும் இருக்காது. முதலாளியையும் மேஸ்திரியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு "யாராவது அடிக்கிறார்களா?" என்று கேட்டால் "இல்லீங்க ஐயா" என்றுதான் சொல்வார்கள். கணவனையும் மனைவியையும் தனித்தனியே அழைத்துக் கேளுங்கள்: முன்பணம் எவ்வளவு, ஆயிரம் கல்லுக்கு என்ன கூலி, வாரத்துக்கு எத்தனை கல் அறுக்கிறீர்கள், செலவுக்குக் கையில் எவ்வளவு வருகிறது, ஊரில் ஒரு சாவு என்றால் யாரை இங்கே விட்டுவிட்டுப் போக வேண்டும்? கடைசிக் கேள்வியின் பதிலே பல நேரம் போதும்.

நோட்டில் ஒரு பெயர்தான் இருக்கும்; உழைப்பது மூன்று பேராக இருக்கும். வந்த கூலியைத் தலைக்கு வகுத்துக் குறைந்தபட்சக் கூலியோடு ஒப்பிடுங்கள். அதற்குக் கீழே கொடுத்து வாங்கும் வேலை கட்டாய உழைப்பே என்று ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அடியும் பூட்டும் இருந்தால்தான் கொத்தடிமை என்று 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் சொல்லவில்லை. முன்பணத்துக்காக வேறு வேலைக்குப் போகவோ வெளியே நடமாடவோ முடியாமல் போனாலே போதும். அந்த முன்பணம் கொத்தடிமைக் கடன் அல்ல என்று மெய்ப்பிக்க வேண்டியவர் 15ஆம் பிரிவின்படி கடன் கொடுத்தவர்; தொழிலாளியிடம் ரசீது கேட்காதீர்கள். "பாதியையாவது கட்டிவிட்டுப் போகட்டும்" என்ற சமரசம் அதைவிட மோசம். சட்டம் ஒழித்துவிட்ட கடனுக்குப் பணம் வாங்குவது 9ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். அதற்கு அரசு அதிகாரியே தரகு பேசலாமா? கூலித் தகராறு என்று எழுதி வண்டியேற்றி அனுப்பினால் குற்றமும் சேர்ந்தே மறைகிறது.

கொத்தடிமையிலிருந்து மீட்கப்பட்டவர் என்பதற்கான விடுதலைச் சான்றிதழ் ஆளுக்கு ஒன்று வேண்டும். குடும்பத் தலைவர் பெயரை எழுதி "மற்றும் மூவர்" என்று முடித்தால், வேலை செய்த பெண்களும் சிறுவர்களும் விடுபடுவார்கள். மத்திய மறுவாழ்வுத் திட்டத்தில் ஆணுக்கு 1 லட்சம் என்றால் பெண்ணுக்கும் சிறாருக்கும் 2 லட்சம் ரூபாய். அதிகம் இழப்பது அவர்கள்தான். 30,000 ரூபாய் வரையிலான உடனடி உதவிக்கு வழக்கின் தீர்ப்பு வரக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் வங்கிக் கணக்கு இல்லாததால் அது கருவூலத்திலேயே கிடக்கும். இருளர் குடும்பங்களிடம் பெரும்பாலும் சாதிச் சான்றும் இருக்காது. அது இல்லாவிட்டால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவு வழக்கில் நிற்பது கடினம். பழங்குடிச் சான்றில் கையெழுத்திடுபவரும் நீங்கள்தானே! வங்கிக் கணக்கு, சாதிச் சான்று இரண்டையும் ஒரே வாரத்தில் முடிக்கலாம்.

ஒடிசாக் குடும்பங்கள் என்றால் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் வாக்குமூலம் வாங்காதீர்கள். சான்றிதழின் நகலைச் சொந்த மாவட்ட ஆட்சியருக்கு நேரடியாக அனுப்புங்கள். பாக்கிக் கூலி, ரேஷன் அட்டை, ஆதார், பாத்திரம் பண்டம் எல்லாவற்றையும் வண்டி கிளம்பும் முன்பே வாங்கிக் கொடுத்துவிடுங்கள். பிறகு அவற்றுக்காகத் திரும்பி வருபவர்களை மேஸ்திரி மறுபடி பிடித்துக்கொள்கிறார்.

பொங்கலுக்குப் பின் கல்லறுப்பு சூடுபிடிக்கிறது. 13ஆம் பிரிவின்படி உங்கள் கோட்டத்தில் இருக்க வேண்டிய கண்காணிப்புக் குழுவை அதற்கு முன்பே கூட்டி, சூளைப் பட்டியலை மேசையில் வையுங்கள்.