பிளாஸ்டிக் குருணையை மாற்றினீர்கள், எங்களிடம் சொல்லவில்லை: தொப்புள்கொடி கிளிப் குறித்த புகார்

அனுப்புநர்
உரிமையாளர்,
மகப்பேறு கிட் தயாரிக்கும் சிறு தொழிற்கூடம்,
ஈரோடு மாவட்டம்.

பெறுநர்
நிர்வாக இயக்குநர் அவர்கள்,
மருத்துவப் பயன்பாட்டுக்கான பிளாஸ்டிக் பாகங்கள் தயாரிக்கும் நிறுவனம்.

நாள்: 12.08.2024

பொருள்: 2023 செப்டம்பரில் நீங்கள் அனுப்பிய தொப்புள்கொடி கிளிப்புகள் காமா கதிர் கிருமிநீக்கத்துக்குப் பின் நொறுங்குவதும், அதற்கு நீங்கள் அளித்த பதிலும்.

ஐயா,

கடந்த ஜூன் 19ஆம் தேதி, இரவு இரண்டு மணி தாண்டிய நேரம். ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எங்கள் கிட்டைப் பிரித்த செவிலியர், பிறந்து சில நிமிடங்களே ஆன குழந்தையின் தொப்புள்கொடியில் உங்கள் கிளிப்பை வைத்து அழுத்தியிருக்கிறார். 'டக்' என்று ஒரு சத்தம். பூட்டு விழுந்த சத்தம் என்றே நினைத்தாராம். விரலை எடுத்துப் பார்த்தால் கிளிப் கீலில் முறிந்து, ஒரு பாதி குழந்தையின் வயிற்றின் மேலும் மறு பாதி தரையிலும் கிடந்திருக்கிறது. கொடியை அப்போது வெட்டியிருக்கவில்லை. அடுத்த கிட்டைப் பிரித்து எடுத்த கிளிப்பும் அதே இடத்தில் முறிந்தது. கடைசியில் நூலால் இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டிவிட்டுத்தான் கொடியை வெட்டினார்கள். குழந்தை நலமாக இருக்கிறது. அந்தச் செவிலியரின் நிதானத்தால்தான் நலமாக இருக்கிறது. நம் இருவருடைய பொருளாலும் அல்ல.

இந்தத் தொழிலுக்கு வருமுன் பதினோரு ஆண்டுகள் பிரசவ அறையில் செவிலியராக வேலை பார்த்தவள் நான். கட்டு நழுவிய தொப்புள்கொடியிலிருந்து ரத்தம் போனால், மூன்று கிலோகூட இல்லாத உடம்பு அதை எவ்வளவு நேரம் தாங்கும் என்று எனக்குத் தெரியும். ஆகவே ஜூலை 4ஆம் தேதி நீங்கள் அனுப்பிய ஒரு பக்கப் பதிலை வைத்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

அந்தப் பதிலில் நான்கு காரணங்கள் சொல்லியிருக்கிறீர்கள். காமா கதிர் காட்டும் மையத்தில் கதிர் அளவு கூடியிருக்கும். கிட்டுகளை வெயில் படும் இடத்தில் வைத்திருப்பார்கள். செவிலியர் அளவுக்கு மீறி அழுத்தியிருப்பார். 'பிளாஸ்டிக்கும் ரப்பரும் கதிர் பட்டால் கெடுவது இயல்பு'. ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறேன். நான்காவதற்குச் சற்று நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் கதிர் அளவு. எங்கள் பெட்டிகளுக்குக் கேட்டிருந்த குறைந்தபட்ச அளவு, மருத்துவப் பொருள்களின் கிருமிநீக்கத்துக்கு உலகமெங்கும் வழக்கத்தில் உள்ள 25 கிலோகிரே (பொருள் வாங்கிய கதிரை அளக்கும் அலகு). மையம் அளித்த சான்றிதழின்படி பெட்டிகள் பெற்றது குறைந்தது 25.8, கூடியது 31.2. இதை யாரும் உத்தேசமாக எழுதிக் கொடுப்பதில்லை. பெட்டிகளோடு வைத்து அனுப்பும் அளவுமானிகளின் நிறமாற்றத்தைக் கருவியில் அளந்து எழுதுகிறார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் ஒட்டியிருந்த மஞ்சள் வில்லை சிவப்பாகி வந்ததையும் நானே சரிபார்த்து வாங்கினேன். கடந்த எட்டு ஆண்டுகளாக இதே மையம், இதே அளவு. அந்த ஆண்டுகளில் உங்கள் கிளிப் ஒன்றுகூட முறிந்ததில்லை.

அடுத்தது வெயிலும் செவிலியரின் கையும். ஒவ்வொரு லாட்டிலும், அதாவது ஒரே தொகுப்பாக வந்த சரக்கிலும், கதிர் காட்டிய கிளிப்புகளில் கொஞ்சமும், கதிருக்கு அனுப்பாத கிளிப்புகளில் கொஞ்சமும் எடுத்து ஒரே அலமாரியில் வைத்திருப்பது எங்கள் வழக்கம். செய்தி வந்த அன்றே இரண்டு டப்பாக்களையும் மேசையில் கொட்டி, நானே ஒவ்வொன்றாக மூடிப் பார்த்தேன். கதிருக்குப் போகாத நாற்பதில் ஒன்றுகூட உடையவில்லை. மூடித் திறந்து மறுபடி மூடினாலும் கீல் வெளுத்து வளைந்தது, அவ்வளவுதான். கிளிப் வார்க்கும் பிளாஸ்டிக்கான பாலிபுரொப்பிலீன், நல்லதாக இருந்தால் அப்படித்தான் வளையும். கதிர் காட்டிய நாற்பதில் இருபத்தேழு முறிந்தன. வெளுக்கவும் இல்லை, இழுபடவும் இல்லை. முறிந்த முகம் கற்கண்டை உடைத்ததுபோல் வழவழப்பாக மின்னியது. ஒரே அலமாரி, ஒரே வெப்பம், ஒரே கை. நிறத்திலும் வித்தியாசம் இருந்தது. வெள்ளைத் தாளின் மேல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கதிர் காட்டியதில் லேசான பழுப்பு தெரிகிறது. தனியாகப் பார்த்தால் தெரியாது.

இப்போது 'இயல்பு' என்ற சொல்லுக்கு வருகிறேன். உங்கள் விற்பனை மேலாளர் தொலைபேசியிலும் அதையேதான் சொன்னார். எல்லா பிளாஸ்டிக்கும் எல்லா ரப்பரும் ஒரே மாதிரி கெடும் என்பது உண்மையல்ல. அது உண்மையாக இருந்தால் எங்கள் மகப்பேறு கிட் என்ற பொருளே இருக்க முடியாது. அதே பெட்டியில், அதே நாளில், அதே கோபால்ட் 60 கதிரை வாங்கிய மற்ற பொருள்களைப் பாருங்கள். பாலிஎத்திலீன் பைக்கு ஒன்றும் ஆகவில்லை. கதிர் பட்டால் பாலிஎத்திலீனின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் அறுபடுவதைவிட ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதே அதிகம். சார்ல்ஸ்பி என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1950களின் தொடக்கத்திலேயே இதை அணு உலையில் வைத்துக் காட்டிவிட்டார். மின்கம்பிகளின் மேல் போட்டுச் சூடாக்கினால் சுருங்கிப் பிடிக்கும் உறைகளை இந்தப் பின்னலை வைத்துத்தான் செய்கிறார்கள். சளி உறிஞ்சும் பிவிசி குழாய் லேசாக மஞ்சளித்தது. பிவிசி கதிரில் ஹைட்ரஜன் குளோரைடை விடும் என்பது அதைத் தரும் நிறுவனத்துக்குத் தெரியும். அதற்கேற்ற நிலைப்படுத்தியைச் சேர்த்துத் தருகிறார்கள். குழாய் இன்றும் விரலில் சுற்றினால் சுற்றுகிறது.

ரப்பரும் கெடும் என்றீர்களே, எங்கள் கிட்டில் உள்ள, கையால் அழுத்தி உறிஞ்சும் பல்பு இயற்கை ரப்பர். அதுவும் கதிரில் பின்னிக்கொள்ளும் வகை. இந்த அளவுக்கு அதில் சொல்லும்படியான மாற்றம் ஏதும் இல்லை. ரப்பர் பாலையே கந்தகம் இல்லாமல் காமா கதிரைக் கொண்டு பதப்படுத்தும் முறை நம் நாட்டில் இருக்கிறது. கோட்டயத்தில் ரப்பர் வாரியம் அதற்கென ஆலை வைத்து நடத்தியிருக்கிறது. பியூட்டைல் ரப்பர் நேர் எதிர். கதிர் பட்டால் அதன் சங்கிலி அறுந்து, இளகி, விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் விலை குறைவான பியூட்டைல் பல்பு கொண்டுவந்து காட்டியபோது அதனால்தான் வேண்டாம் என்றேன். எது தாங்கும், எது தாங்காது என்று பார்த்து வாங்குவது என் வேலை. பார்த்து வாங்கியதையே தொடர்ந்து தருவது உங்கள் வேலை.

பாலிபுரொப்பிலீன் தாங்காத வகை என்பது நம் இருவருக்கும் தெரிந்ததே. அதன் சங்கிலியில் ஒன்று விட்டு ஒரு கரியணுவில் ஒரு மெத்தில் தொகுதி தொங்குகிறது. அந்த இடத்திலுள்ள ஹைட்ரஜன் எளிதில் கழன்றுவிடும். 25 கிலோகிரே என்பது வெப்பமாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லை, தண்ணீரை ஆறு டிகிரி சூடாக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்த ஆற்றல் சீராகப் பரவாமல் அங்கங்கே குவிந்து விழுந்து பிணைப்புகளை உடைக்கிறது. ஹைட்ரஜன் கழன்ற இடத்தில் காற்றிலுள்ள ஆக்சிஜன் வந்து உட்காருகிறது, பெராக்சைடு உண்டாகிறது, சங்கிலி அறுகிறது, அறுந்த முனை அடுத்த சங்கிலியைத் தாக்குகிறது. பெட்டி கதிர் அறையைவிட்டு வெளியே வந்த பிறகும் இது நிற்பதில்லை. படிக அடுக்குகளுக்குள் சிக்கிக்கொண்ட தனியுறுப்புகள், அதாவது பிணைப்பு அறுந்து வேறொன்றோடு இணையத் துடிக்கும் துண்டுகள், மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வெளியே வந்து ஆக்சிஜனைச் சந்தித்துக்கொண்டே இருக்கின்றன. அக்டோபரில் நாங்கள் சோதித்தபோது தேறிய கிளிப் ஜூனில் முறிந்தது இதனால்தான். நம் ஊர்ச் சித்திரை, வைகாசி வெயில் அதை விரைவுபடுத்தும், மறுக்கவில்லை. ஆனால் ஈரோட்டில் வெயில் அடிக்கும் என்பது 2015இல் ஒப்பந்தம் போட்டபோதே உங்களுக்குத் தெரியும்.

இதற்கெல்லாம் தீர்வு இருந்தது. அந்தத் தீர்வை எனக்குக் கற்றுக்கொடுத்ததே உங்கள் நிறுவனம்தான். அன்று உங்கள் தொழில்நுட்பப் பிரிவில் இருந்த பெரியவர் ஒருவர் எங்கள் கூடத்துக்கே வந்து, தரையில் உட்கார்ந்து, கிளிப்பை வளைத்துக் காட்டி விளக்கினார். தனிப் பாலிபுரொப்பிலீன் வேண்டாம். கொஞ்சம் எத்திலீன் கலந்த ரேண்டம் கோபாலிமர் போடுவோம், அதில் படிகம் குறைவு. மஞ்சளிக்கும் ஃபீனால் வகைக் காப்புப்பொருளுக்குப் பதில் அமீன் வகை நிலைப்படுத்தி போடுவோம். சிக்கிய தனியுறுப்புகள் நகர்ந்து தங்களுக்குள் இணைந்து அடங்கிப்போக ஓர் எண்ணெயும் சேர்ப்போம். இதைத்தான் கொள்முதல் ஆணையில் 'கதிர் தாங்கும் தரம்' என்று ஒரே வரியில் எழுதினோம். அந்த ஒரு வரிக்காக ஒரு கிளிப்புக்கு ஏறக்குறைய முப்பது பைசா கூடுதலாகக் கொடுத்துவருகிறேன்.

சென்னையில் ஒரு சோதனைக்கூடத்துக்கு மூன்று மாதிரிகள் அனுப்பினேன்: 2021 லாட்டில் மிஞ்சியது, இந்த லாட்டில் கதிர் காட்டாதது, காட்டியது. 2021 கிளிப் 148 டிகிரியில் உருகியது. ரேண்டம் கோபாலிமர் உருகும் இடம் அது. இந்த லாட் கிளிப், கதிருக்குப் போகாததே, 163 டிகிரியில் உருகியது. அது தனிப் பாலிபுரொப்பிலீன். வாளியும் குடமும் வார்க்கிற சாதாரணக் குருணை. கதிருக்குப் பிறகு அதன் உருகல் ஓட்டம், அதாவது உருக்கினால் எவ்வளவு எளிதாக ஓடும் என்ற அளவு, நான்கு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. சங்கிலிகள் துண்டு துண்டாகிவிட்டன என்பதே அதன் பொருள்.

ஆக, குருணையை மாற்றியிருக்கிறீர்கள். விலைக்காகவா, பழைய தரம் கிடைக்கவில்லை என்பதாலா, வார்ப்புக் கூடத்தில் மூட்டை மாறிவிட்டதா என்று எனக்குத் தெரியாது. தவறி நடந்திருந்தால் அதைப் புரிந்துகொள்ள என்னால் முடியும். ஆனால் டெலிவரி சலானில் பழைய தரத்தின் பெயரையே அச்சிட்டு அனுப்பியிருக்கிறீர்கள். ஒரு வரி சொல்லியிருந்தால் போதும், நான் அந்த லாட்டைக் காமா கதிருக்கு அனுப்பாமல் எத்திலீன் ஆக்சைடு வாயு முறைக்கு அனுப்பியிருப்பேன். அதே சாதாரணக் கிளிப் அந்த வழியில் முறியாமல் இருந்திருக்கும்.

வாங்கும்போது தேறியது, ஆகவே பொறுப்பு முடிந்தது என்பது உங்கள் பதிலின் கடைசி வரி. செயற்கை இடுப்பு மூட்டுகளில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். காற்றில் வைத்துக் காமா கதிர் காட்டிய பாலிஎத்திலீன் கிண்ணங்கள், அறுவைக்கு எடுக்கும்வரை அலமாரியில் இருந்தபடியே ஆக்சிஜனேற்றம் அடைந்து விளிம்பில் வெடித்தது 1990களில் வெளிவந்தது. பின்னிக்கொள்ளும் வகையான பாலிஎத்திலீனுக்கே அந்தக் கதி. அதன் பிறகு ஆக்சிஜன் இல்லாத உறையில் வைத்துக் கதிர் காட்டும் முறைக்கு மாறினார்கள். கதிர் பட்ட பிளாஸ்டிக்கை வந்த அன்று மட்டும் சோதித்துப் பார்த்துக் கணக்கை முடிக்க முடியாது என்பது முப்பது ஆண்டுப் பாடம்.

அந்தச் செவிலியர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வியையும் இங்கே எழுத வேண்டும். 'மேடம், இது கதிர் காட்டினது என்கிறீர்களே, துண்டு குழந்தை மேல் விழுந்ததே, ஏதாவது ஆகுமா?' இல்லை என்று சொன்னேன். கோபால்ட் 60இன் காமா கதிர் எந்தப் பொருளையும் கதிரியக்கமுள்ளதாக மாற்றாது. கதிர் கடந்து போய்விடுகிறது, அது உடைத்துப்போட்ட பிணைப்புகள்தான் மிச்சம். அவர் நம்பினார். கிளிப் உறுதியானது என்றும் அவர் அப்படித்தான் நம்பியிருந்தார்.

எங்கள் தரப்பில் செய்ததைச் சொல்கிறேன். இந்த லாட்டில் போன 4,800 கிட்டுகளையும் திரும்பக் கேட்டு ஜூன் 20 அன்றே எல்லா நிலையங்களுக்கும் தொலைபேசியில் சொல்லிவிட்டோம். நேற்றுவரை 3,910 வந்திருக்கின்றன, சில நூறு கிட்டுகள் ஏற்கெனவே பயன்பட்டுவிட்டன, மீதியை ஊர் ஊராகப் போய்த் தேடிக்கொண்டிருக்கிறோம். மருத்துவக் கருவிகளால் நேரும் பாதகங்களைப் பதிவுசெய்ய 2015 முதல் நாட்டில் நடந்துவரும் திட்டத்திலும் இதைப் பதிவு செய்திருக்கிறேன். கூடத்தில் வேலை செய்யும் பதினான்கு பெண்களும் இரண்டு வாரம் உறை பிரிக்கும் வேலையை மட்டுமே செய்தார்கள். அந்தச் செலவுக்கும் கிளிப்புகளின் விலைக்குமான கணக்கைத் தனியே இணைத்திருக்கிறேன். அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

அவசரமானது வேறு. அந்த மாதம் அதே குருணையில் வார்த்த கிளிப்புகளை வேறு யாருக்கெல்லாம் அனுப்பினீர்களோ, அவர்கள் அனைவருக்கும் உடனே எழுத்தில் சொல்லுங்கள். அவர்களில் காமா கதிருக்கு அனுப்பியவர்கள் இருந்தால் அந்தக் கிளிப்புகள் இந்த நிமிடம் ஏதோ ஒரு பிரசவ அறையின் தட்டில் இருக்கும். எந்தத் தேதியிலிருந்து குருணை மாறியது, எத்தனை லாட், மூட்டையின் சான்றிதழ் என்ன என்பதையும் எனக்கு எழுத்தில் தாருங்கள். இனிமேல் தரத்தில் எந்த மாற்றம் செய்தாலும் முன்கூட்டியே சொல்வதாகவும், கதிர் காட்டிய மாதிரிகளை 60 டிகிரி அடுப்பில் வாரக்கணக்கில் வைத்துச் சோதித்த அறிக்கையை லாட்டுடன் அனுப்புவதாகவும் ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 26ஆம் தேதிக்குள் பதில் வராவிட்டால், இந்தக் கடிதத்தையும் சோதனை அறிக்கையையும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு அனுப்புவேன். முறிந்த கிளிப்புகள், முறியாத கிளிப்புகள் இரண்டும் தேதி எழுதிய டப்பாக்களில் என்னிடம் இருக்கின்றன. உங்கள் ஆட்கள் எப்போது வந்தாலும் அவர்கள் கையாலேயே மூடிப் பார்க்கலாம். அன்று தரையில் உட்கார்ந்து விளக்கிய அந்தப் பெரியவர் இன்னும் உங்களோடு இருந்தால், அவரை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
உரிமையாளர்