பாலைச் சோதிக்கும் முன் பிண்ணாக்கைச் சோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாலில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு இருக்கிறது என்று செய்தி வரும்போதெல்லாம் பழி மாடு வைத்திருப்பவர் மீதே விழுகிறது. தண்ணீர் கலப்பதைப் போல இதுவும் யாரோ செய்த கலப்படம் என்று வாசகர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். இதை யாரும் கலப்பதில்லை. மாடு தின்ற தீவனத்தில் இருந்த பூஞ்சை நஞ்சு, மாட்டின் ஈரலில் சற்றே உருமாறிப் பாலில் இறங்குகிறது. தீவனத்தில் இருக்கும்போது அதன் பெயர் பி1. பாலில் எம்1.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-இல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. அவற்றில் 368 மாதிரிகளில் எம்1 அளவு வரம்பைத் தாண்டியிருந்தது. தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளில் 88 அப்படி இருந்தன. வேறெந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. அந்த ஆய்வு முடிவு வெளியானபோது பேச்சு முழுவதும் பாலைச் சுற்றியே நடந்தது. பால் இந்தக் கதையின் கடைசிப் பக்கம். முதல் பக்கம் மல்லாட்டை எனும் நிலக்கடலை விளையும் கொல்லையில் இருக்கிறது.

பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் இந்த நஞ்சு வருவதுண்டு. ஆனால் நம்மூரில் இதன் முழுப் பாதையையும் கண்ணால் பார்க்கக்கூடியது நிலக்கடலையில்தான் என்பதால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறோம்.

கடலையை உடைத்தபின் பருப்பைத் தரம் பிரிக்கிறார்கள். திரண்ட, நிறம் மாறாத பருப்பு தின்பண்டத்துக்கும் ஏற்றுமதிக்கும் போகிறது. சூம்பியது, கருத்தது, முளைவிட்டது, பூச்சி துளைத்தது எல்லாம் ஒதுக்கப்படுகின்றன. பூஞ்சை நஞ்சில் பெரும்பகுதி இந்த ஒதுக்குப் பருப்பில்தான் இருக்கிறது. கையால் பொறுக்கும் பெண்களின் கண்ணும் விரலும் செய்யும் இந்த வேலைக்கு இணையான நஞ்சு நீக்கும் முறை இன்றும் அரிது. ஆனால் ஒதுக்கியதை யாரும் கொட்டிவிடுவதில்லை. அது எண்ணெய் ஆலைக்குப் போகிறது. அஃப்ளாடாக்சின் எண்ணெயில் எளிதில் கரைவதில்லை, சக்கையோடு தங்கிவிடும். நூறு கிலோ பருப்பில் 40 கிலோ எண்ணெயாக வெளியேறினால், நூறு கிலோவில் பரவியிருந்த நஞ்சின் பெரும்பங்கு மீதி 60 கிலோ பிண்ணாக்கில் செறிந்துவிடுகிறது. மனிதன் தின்னத் தகாது என்று ஒதுக்கியது இப்படி இன்னும் செறிவாகி மாட்டுத் தொட்டிக்கு வருகிறது. அங்கிருந்து குழந்தையின் பால் டம்ளருக்கு.

ஒரு கணக்கைப் பார்த்தால் விஷயம் விளங்கும். கிலோவுக்கு 150 மைக்ரோகிராம் பி1 உள்ள பிண்ணாக்கில் நாளொன்றுக்கு 2 கிலோவை ஒரு மாடு தின்றால் உள்ளே போவது 300 மைக்ரோகிராம். அதில் 1 முதல் 2 விழுக்காடு பாலில் எம்1-ஆக வெளிவரும். அதிகம் கறக்கும் மாடுகளில் இது 6 விழுக்காடு வரைகூடப் போகும். 2 விழுக்காடு என்றே வைத்துக்கொண்டால் 6 மைக்ரோகிராம். பத்து லிட்டர் கறக்கும் மாடானால் லிட்டருக்கு 0.6. நம் நாட்டின் வரம்பு கிலோவுக்கு 0.5. ஐரோப்பாவில் 0.05. அதே மாட்டுக்கு, கலப்புத் தீவனத்துக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்த 20 மைக்ரோகிராம் வரம்புக்குள் இருக்கும் பிண்ணாக்கைக் கொடுத்தால், இதே 2 விழுக்காட்டுக் கணக்கில் பாலில் 0.08-க்கு மேல் போகாது. தீவனத்தை மாற்றினால் பால் சரியாவதற்கு மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம். நஞ்சு தின்ற ஒரு நாளுக்குள் எம்1 பாலில் தெரியத் தொடங்கும், நிறுத்திய மூன்று நான்கு நாளில் ஏறக்குறைய மறைந்துவிடும். பாலைச் சோதித்துப் பிடித்துக் கொட்டுவதைவிடப் பிண்ணாக்கைச் சோதித்துத் தடுப்பதே அறிவார்ந்த வழி என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

நஞ்சை உண்டாக்குவது அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சை. 1960-இல் இங்கிலாந்தில் பிரேசில் நாட்டுக் கடலைப் பிண்ணாக்கைத் தின்ற ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தபோதுதான் உலகம் இதைக் கவனித்தது. 1974-இல் குஜராத்தின் பஞ்சமகால், ராஜஸ்தானின் பான்ஸ்வாரா மாவட்டங்களில் காலந்தவறிய மழையில் நனைந்த மக்காச்சோளத்தைத் தின்று நூறு பேருக்கு மேல் ஈரல் செயலிழந்து இறந்தார்கள். சிறிது சிறிதாக நெடுநாள் உள்ளே போனால் ஈரல் புற்றுநோய் வரும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மனிதனுக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் வகுப்பில் வைத்திருக்கிறது.

இந்தப் பூஞ்சை கிடங்கில் வருவது என்றே பலரும் நினைக்கிறார்கள். பாதி உண்மைதான். மண்ணிலேயே அது இருக்கிறது, காய் மண்ணுக்குள் இருக்கும்போதே நுழைந்துவிடுகிறது. அறுவடைக்கு முந்தைய 20, 30 நாள்தான் ஆபத்தான காலம். அப்போது வறட்சி வந்து, காய் இருக்கும் ஆழத்தில் மண்ணின் வெப்பம் 28 முதல் 31 டிகிரிக்குள் நின்றால் பூஞ்சைக்கு அது வேட்டைக்காலம். கடலைப் பருப்புக்குப் பூஞ்சையை எதிர்க்கும் வேதிப்பொருளைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் திறன் உண்டு. பருப்பில் ஈரம் வற்ற வற்ற அந்தத் திறன் போய்விடுகிறது, பூஞ்சைக்கோ அந்த ஈரமே போதுமானது. எனவே கிணற்றில் கொஞ்சம் தண்ணீர் இருந்தாலும் கடைசி மாதத்தில் ஒரு தண்ணீர் கட்டுவது விளைச்சலுக்கு மட்டுமல்ல, நஞ்சைத் தடுக்கவும்தான். ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சத்தை 40, 45-ஆம் நாளில் இட்டு மண் அணைப்பதும் அப்படியே. சுண்ணாம்புச் சத்து போதாத காயின் ஓடு மெலிந்திருக்கும், எளிதில் வெடிக்கும். அந்த வெடிப்புதான் பூஞ்சைக்கு வாசல்.

இங்கேதான் நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் வருகின்றன. டிரைக்கோடெர்மா விரிடி என்ற பூஞ்சை மற்றப் பூஞ்சைகளைச் சுற்றிப் படர்ந்து, அவற்றின் செல் சுவரைக் கரைக்கும் நொதிகளை விட்டுத் தின்கிறது. சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் என்ற பாக்டீரியா வேரடியில் இருக்கும் இரும்புச் சத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு எதிரிக்குக் கிடைக்காமல் செய்கிறது. விதைப்பருப்புக் கிலோவுக்கு டிரைக்கோடெர்மா 4 கிராம், அல்லது சூடோமோனாஸ் 10 கிராம். மண்ணில் இட ஏக்கருக்கு ஒரு கிலோ டிரைக்கோடெர்மாவை நன்றாக மக்கிய தொழுவுரத்தில் கலந்து இடலாம். நேரே கலந்து தூவுவதைவிட, 50 கிலோ எருவில் கலந்து, கையால் பிடித்தால் உருண்டை நிற்கும் அளவு ஈரமாக்கி, நிழலில் ஈரச்சாக்குப் போட்டு மூடி 10, 15 நாள் வைத்து, இடையிடையே கிளறிவிட்டு இட்டால் பலமடங்கு பெருகியிருக்கும். மக்காத சாணத்தில் இதைச் செய்தால் சூடேறி அது செத்துப்போகும்.

பலன் இல்லை என்று சொல்பவர்கள் பெரும்பாலும் மூன்று இடத்தில் தவறுகிறார்கள். முதலாவது, கார்பன்டசிம் கலந்த விதையிலேயே டிரைக்கோடெர்மாவையும் கலப்பது. பூஞ்சையைக் கொல்லும் மருந்து நல்ல பூஞ்சையையும் கொல்லும். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டாவது, பொட்டலத்தின் தேதி. இது உயிருள்ள சரக்கு. கிராமுக்கு 20 லட்சம் உயிரணுக்கள் இருக்க வேண்டும் என்பது விதி. தகரக் கூரைக் கடையில் சித்திரை, வைகாசி வெயிலைக் கண்ட பொட்டலத்தில் வெறும் மாக்கல் மாவுதான் மிஞ்சியிருக்கும். மூன்றாவது, காய்ந்த மண்ணில் உச்சி வெயிலில் தூவுவது. வறட்சியும் வெப்பமும் வந்தால் டிரைக்கோடெர்மா அடங்கிவிடும், ஃபிளேவஸ் அடங்காது. ஆகவே கடைசி மாத வறட்சியில் நுண்ணுயிர் உரம் மட்டுமே காப்பாற்றும் என்று நம்பிவிடக் கூடாது. விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

எருவில் டிரைக்கோடெர்மாவைப் பெருக்கும்போது ஓர் எச்சரிக்கை. டிரைக்கோடெர்மா முதலில் வெண்மையாகப் படர்ந்து பின் அடர்பச்சையாகும். மஞ்சள் கலந்த பச்சையில் பொடிப்பொடியாகப் பூத்திருந்தால் அது ஃபிளேவஸாகவே இருக்கலாம். அந்தக் குவியலைக் கடலைக்கு இட வேண்டாம். கிளறும்போது மூக்கைத் துணியால் கட்டிக்கொள்வது நல்லது.

நஞ்சு என்பது இந்தப் பூஞ்சை இனத்தின் பிறவிக்குணம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஃபிளேவஸிலேயே நஞ்சு உண்டாக்காத வகைகள் உண்டு. ஜப்பானியர்கள் சோயா சாஸ் தயாரிக்க நூற்றாண்டுகளாக வளர்த்துவரும் அஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே இதற்கு மிக நெருங்கிய உறவு, அது அஃப்ளாடாக்சினை உண்டாக்குவதில்லை. அமெரிக்காவில் பருத்திக்கும் கடலைக்கும், ஆப்பிரிக்க நாடுகளில் மக்காச்சோளத்துக்கும் கடலைக்கும், நஞ்சற்ற ஃபிளேவஸை முளைக்காதபடி செய்த தானியத்தில் ஏற்றி வயலில் தூவுகிறார்கள். ஆப்பிரிக்காவில் பூப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் தூவுவது ஹெக்டேருக்குப் பத்து கிலோதான். முன்னால் வந்து இடம்பிடித்த நல்ல வகை, நஞ்சுள்ளதை உட்காரவிடுவதில்லை. வெளிநாட்டு வகையை இறக்குமதி செய்து இங்கே தூவுவதில் பயனில்லை. ஆப்பிரிக்காவில் அந்தந்த நாட்டு மண்ணிலிருந்தே தேர்ந்தெடுத்தார்கள். திண்டிவனம், விருத்தாசலம் போன்ற கடலை ஆராய்ச்சி நிலையங்களைச் சுற்றியுள்ள நம் மண்ணிலும் அப்படித் தேர்ந்தெடுக்கும் பணிக்கு அரசு தொடர்ந்து பணம் ஒதுக்க வேண்டும்.

அறுவடைக்குப் பிந்தைய தவறுகள்தான் மிகுதி. ஆடிப்பட்டத்துக் கடலை ஐப்பசி மழையில் வந்து மாட்டிக்கொள்கிறது. பிடுங்கும்போது காயில் 35 முதல் 50 விழுக்காடு வரை ஈரம் இருக்கும். அதை 8 விழுக்காட்டுக்குக் கொண்டுவர வேண்டும். செடியைப் பிடுங்கிக் காய் மேலே பார்க்கும்படி தலைகீழாக வரிசையில் போட்டால் காற்று நுழையும். ஆள் கிடைக்கவில்லை என்று பச்சையாகப் போர் போட்டு வைத்தால் இரண்டே நாளில் உள்ளே சூடு ஏறிப் பூஞ்சை பிடிக்கும். ஆய்ந்த காயை மண்ணில் கொட்டாமல் தார்ப்பாயிலோ களத்திலோ மெல்லிதாகப் பரப்பி, மாலையில் பனி படாமல் மூடி, நாலைந்து நாள் காய வைக்க வேண்டும். ஆட்டினால் உள்ளே பருப்பு கலகலக்க வேண்டும். விரலால் தேய்த்தால் தோல் உரிய வேண்டும். கடித்தால் நசுங்காமல் படக்கென்று உடைய வேண்டும். மண்வெட்டி பட்ட காய், வெடித்த காய், பிறகு தண்ணீர் விட்டு மண்ணைக் கிளறிப் பொறுக்கும் காய் ஆகியவற்றைத் தனியே வையுங்கள். கடைசியாகச் சொன்னதில் நஞ்சு மிக அதிகம், அதைத்தான் பலர் நல்ல காயோடு கலந்துவிடுகிறார்கள்.

இத்தனையும் செய்து காயவைத்த கடலையில், உடைக்கும் முன் தண்ணீர் தெளிக்கும் வழக்கம் ஒன்று இருக்கிறது. பருப்பு இரண்டாகப் பிளக்காது, எடையும் கூடும். விவசாயி வெயிலில் நின்று வெளியேற்றிய ஈரத்தை ஒரு நிமிடத்தில் திரும்ப ஏற்றிச் சாக்கில் கட்டிவிடுகிறார்கள். நஞ்சு உண்டாகும் இடங்களில் இதைப்போல மோசமானது வேறில்லை. ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் ஈரமானியை வைத்து, ஈரத்துக்கு ஏற்ப விலை நிர்ணயித்தால் தெளிப்பவருக்குத் தெளிக்கக் காரணம் இராது. நன்றாகக் காயவைத்தவருக்கும் கூடுதல் விலை கிடைக்கும். இன்று அவருக்கு எடைக்குறைவுதான் பரிசு.

வீட்டில் செய்யக்கூடியது குறைவு. பாலைக் காய்ச்சினால் எம்1 போகாது. பதப்படுத்தும் சூடும் அதை அசைக்காது. தயிராக்கினாலும் நம்பக்கூடிய அளவில் குறையாது. லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் கொஞ்சம் நஞ்சைப் பிடித்துக்கொள்வதை ஆய்வகத்தில் காண முடிகிறது, அதை வைத்துத் தைரியம் சொல்ல முடியாது. பால் புரதத்தோடு ஒட்டும் குணம் எம்1-க்கு இருப்பதால் பனீரில் செறிவு கூடவே செய்யும். பிண்ணாக்கை ஊறவைத்தாலும் அதில் உள்ள நஞ்சு நீங்காது. கசக்கும், காறும் கடலைப் பருப்பைத் துப்பிவிடுவது மட்டும் எல்லோராலும் முடியும்.

சோதனை என்று வரும்போது மாதிரி எடுப்பதில் கவனம் வேண்டும். நஞ்சு சீராகப் பரவியிருக்காது. ஆயிரக்கணக்கான பருப்பில் ஒன்றிரண்டே முழு மூட்டையையும் கெடுத்திருக்கும். ஒரு மூட்டையில் ஒரு பிடி அள்ளிச் சோதித்து நல்லது என்றோ கெட்டது என்றோ சொன்னால் இரண்டும் பொய்யாகலாம். ஐரோப்பாவில் 15 டன்னுக்கு மேற்பட்ட கடலைச் சரக்குக்கு நூறு இடத்தில் அள்ளி 20 கிலோ சேர்த்து, அரைத்துக் கலந்த பிறகே சோதிக்கிறார்கள். பிண்ணாக்கு அரைபட்டுக் கலந்த பொருள் என்பதால் வேலை சற்று எளிது. ஒவ்வொரு முறை ஆட்டிய பிண்ணாக்கிலும் பத்துப் பதினைந்து இடத்தில் உடைத்துச் சேர்த்துப் பொடித்து, சோதனைப் பட்டையை (ஸ்ட்ரிப்) வைத்து அரை மணிக்குள் பார்த்துவிடலாம். புற ஊதா விளக்கில் மின்னுவதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

கூட்டுறவுப் பால் சங்கங்களை நடத்துவோருக்கும் கால்நடைத் துறைக்கும் தங்கள் நாளிதழ் வழியாக நாங்கள் வைக்கும் வேண்டுகோள் இது: எண்ணெய் ஆலையில் பிண்ணாக்கு வெளியேறும் இடத்திலேயே சோதனை வேண்டும். 20 மைக்ரோகிராமுக்கு மேல் உள்ள சரக்கு கறவை மாட்டுக்கு என்று விற்கப்படக் கூடாது. மூட்டையில் ஆட்டிய தேதியும் சோதனை எண்ணும் இருக்க வேண்டும். ஒரு சங்கத்தின் பாலில் எம்1 கூடியிருந்தால் அந்தப் பாலைத் திருப்பி அனுப்புவதோடு நிறுத்தாமல், அந்த ஊர் மாடுகள் எந்த ஆலைப் பிண்ணாக்கைத் தின்றன என்று அன்றே விசாரித்து, மாற்றுத் தீவனம் கொடுத்து, நான்காம் நாள் மறுபடி சோதிக்க வேண்டும்.

இப்படிக்கு,
வேளாண் நுண்ணுயிரியல் ஆய்வாளர்கள்,
விழுப்புரம் மாவட்டம்.